எரிந்த மணி நேரம்

ஜனவரி 18

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். ஏணியில் ஏறும்போது மட்டும் இடுப்பு தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. நீங்கள் மூன்று பேரும் சுகம்தானே? மாப்பிள்ளையின் வலது கைக்கு இப்போதாவது பலம் வந்திருக்கிறதா? குவாரியில் கல் விழுந்து நசுங்கிய கை ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். வருடம் இரண்டாகிவிட்டது.

நல்ல செய்திக்கு வருகிறேன். உங்கள் ஊர் எங்கள் விளக்கு அலுவலகத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி, ஒரு விளக்கு. மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. இதற்காக மேலாளரை எட்டு மாதம் நச்சரித்தேன். "உங்க தங்கச்சி ஊருங்கறதுக்காக செய்ய முடியாதும்மா" என்றார். "என் தங்கச்சி ஊருங்கறதுக்காக விட்டுடவும் கூடாதுல்ல சார்" என்றேன். சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதிக் கையெழுத்து விழுந்த மாதிரி.

நம் கேள்வி எப்படி இருக்கிறாள்? உன் மகளுக்கு நீ வைத்த பெயரைவிட நான் வைத்த பட்டப்பெயர்தான் பொருந்துகிறது. ஒன்பதாவது படிக்கிற பெண் இன்னும் எத்தனை நாள் மண்ணெண்ணெய்ப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிப்பாள்? அவள் உட்காரும் மூலைக்கு மேலே ஓர் ஆணி அடித்து வை. பிப்ரவரியில் நானே வந்து மாட்டுவேன்.

அங்கே ஃபோனுக்கு டவர் கிடைக்காததால் இந்தக் கடிதங்கள். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று கண்டக்டர் சொன்னார். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல் நாளைக்கு என்கிறாயா?

நீ போன அன்று சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். இத்தனை வருடம் இவ்வளவு கரியோடா குடித்தனம் நடத்தினோம் என்று வெட்கமாகப் போய்விட்டது. துடைப்பத்தை எடுத்தேன். "வெளிச்சம் வந்ததும் உனக்கு வேலை வந்துடுச்சு" என்று அவர் சிரித்தார். அவருக்கு இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேள்வி ஒரு பாடத்தை இரண்டு தரம் சத்தமாகப் படித்தாள். மனப்பாடம் செய்ய இல்லை. எழுத்து தெரிகிறதே என்ற சந்தோஷம். விளக்கை அவள் மூலையில் மாட்டாமல் நடுவில் மாட்டச் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று உன் முகத்திலேயே தெரிந்தது. எல்லோருக்கும் ஆகட்டுமே என்று அவர் நினைத்தார். அதுவும் நியாயம்தானே.

இன்னொரு செய்தி. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் போய்க்கொண்டிருந்த கையுறை வண்டி இப்போது இங்கேயும் வருகிறது. வெட்டிய தோல் துண்டுகளை மூட்டையாகக் கொடுத்து, தைத்த ஜோடிகளை அடுத்த திங்கட்கிழமை எடுத்துப்போகிறார்கள். "வெளிச்சம் வந்த ஊருன்னு சொன்னாங்க, அதான் வண்டியத் திருப்பினோம்" என்றார் மூட்டைக்காரர். நானும் ஒரு மூட்டை வாங்கினேன். பகலில் தைத்துக்கொள்வேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
சின்னவள்

ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறேன். ஒத்தடமும் கொடுக்கிறேன், நம்பு. மாப்பிள்ளையையும் கேள்வியையும் விசாரித்ததாகச் சொல்.

உன்னிடம் ஒரு பெருமை அடித்துக்கொள்ள வேண்டும். விளக்குப் பெட்டியில் ஒரு சின்னத் திரை இருக்கிறது அல்லவா? விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று அது எண்ணிக்கொண்டே வரும். போன வாரம் எங்கள் அலுவலகப் பையன்கள் வந்து எல்லா வீட்டுக் கணக்கையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். நிறைய வீடுகளில் மாதம் எழுபது, எண்பது மணி. உன் வீட்டில் எவ்வளவு தெரியுமா? நூற்றறுபத்தைந்து. மேலாளர் அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். "ஒரு பொண்ணு ஒரு நாளைக்கு அஞ்சரை மணி நேரம் படிக்குதுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியாமல் இருக்க.

இந்த மாதக் கடைசியில் ஒரு புகைப்படக்காரர் வருவார். கேள்வி விளக்கடியில் படிப்பதை எடுத்து எங்கள் சிறு புத்தகத்தின் அட்டையில் போடப்போகிறார்கள். எனக்கும் மேற்பார்வையாளர் வேலை கிடைக்கலாம் என்று பேச்சு. கிடைத்தால் ஏணிக்கு ஒரு கும்பிடு.

அப்படி என்னதான் படிக்கிறாள்? கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்.

பாசத்துடன்,
அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

புகைப்படக்காரர் வந்தார். வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைத்தேன். நல்ல மனிதர். கேள்வியைச் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். உனக்கு வேலை உயரப்போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. இத்தனை வருடம் வெயிலில் கூரை கூரையாக ஏறியவள் நீ.

கேள்விக்குக் கண் கொஞ்சம் எரிகிறது. வேறொன்றுமில்லை.

அக்கா, எட்டு மணி ஆனதும் தானாக அணைந்துபோகும்படி ஒரு விளக்கு இருக்கிறதா? நம் வீட்டு விளக்கை அப்படி மாற்ற முடியுமா? சும்மா கேட்டேன்.

சின்னவள்

மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம். கேள்விக்குக் கண் மருந்து அனுப்பியிருக்கிறேன், காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு.

உன் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஊர் ஊராக எல்லோரும் இன்னும் இரண்டு மணி நேரம் எரியாதா என்று என் பிராணனை வாங்குகிறார்கள். சீக்கிரம் அணைய வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீதான். மகள் மேல் இவ்வளவு கரிசனமா? படிக்கிற பிள்ளையைப் படிக்க விடு.

வேலை கிடைத்துவிட்டது. ஜன்னல் ஓரம் மேசை, பூட்டுகிற டிராயர். அச்சான புத்தகம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அட்டையில் கேள்வி எவ்வளவு அழகாக இருக்கிறாள், பார்.

பெருமையுடன்,
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எல்லோருக்கும் பரவாயில்லை. உன் புது மேசை உனக்கு நன்றாக அமையட்டும்.

புத்தகம் வந்தது. அட்டையைப் பார்த்தேன். அதில் கேள்வியின் வலது கை புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது, கவனித்தாயா? ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. புகைப்படக்காரர் பார்த்துவிட்டு, "கைய அப்படியே கீழ வச்சுக்கம்மா" என்றார். அந்தப் புத்தகமும் அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். அவளுடைய புத்தகங்கள் மூட்டைக்குப் பின்னால் இருந்தன. நான்தான் போர்வை போட்டு எல்லாவற்றையும் மூடியிருந்தேன்.

அக்கா, அந்த அஞ்சரை மணி நேரமும் அவள் படிக்கவில்லை. தைத்தாள்.

முதலில் ஒரு மூட்டைதான் வாங்கினோம், பகலில் முடிந்தது. பிறகு மூட்டைக்காரர், "விளக்கு இருக்குல்ல, ரெண்டா எடுத்துக்குங்க. எடுக்காட்டி ஒண்ணும் கிடையாது" என்றார். இரண்டு மூன்றானது. நசுங்கிய கையோடு இவரால் ஊசி பிடிக்க முடியாது. தைத்த கையுறையை இடது கையால் கட்டையில் மாட்டி உள்வெளியாகத் திருப்பித் தருவார். தைப்பதற்கு இருப்பது என் கை, கேள்வியின் கை. முதல் நாள் அவர் அவளிடம், "இன்னிக்கு ஒரு நாள் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணும்மா" என்றுதான் சொன்னார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

முன்பெல்லாம் ஆறரை மணிக்கு இருட்டிவிடும். இருட்டினால் யாரும் யாரையும் வேலை வாங்க முடியாது. கேள்வி அந்தக் குட்டி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முனகி முனகிப் படிப்பாள். புகைதான், ஆனால் படித்தாள். இப்போது வகுப்பில் தூங்குகிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல லைட்டு இல்லாத காலத்துல நல்லாப் படிச்சாளே, என்னாச்சு?" என்று கேட்டார். பதினோரு வீட்டில் இதே கதைதான், அவருக்கும் தெரியும்.

உன் வேலையைப் பற்றி யோசித்துத்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. இப்போது கேட்கிறேன். வந்து அந்த விளக்கைக் கழற்றிக்கொண்டு போ. பழுது என்று ஏதாவது சொல். நீ சொன்னால் அவர் நம்புவார்.

உன் பதிலுக்காக,
சின்னவள்

ஜூலை 28

விளக்கு அலுவலகத்தில் உள்ள பெரியவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு விளக்கு பத்து நாளாக எரியவில்லை. பேனலைத் துடைத்தும் பார்த்துவிட்டோம். மகள் படிக்க முடியாமல் சிரமப்படுகிறாள். தயவுசெய்து ஆள் அனுப்பிச் சரிசெய்து தரவும். உங்கள் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருப்பவர் என் மனைவிக்கு அக்கா என்பதால் உரிமையோடு கேட்கிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

இப்படிக்கு,
விளக்குப் பெற்ற வீட்டுக்காரர்

ஆகஸ்ட் 10

சின்னவளுக்கு,

சுகமா என்று கேட்கும் தைரியம் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

நீ ஜூனில் எழுதியது மூன்றாம் நாளே கைக்கு வந்துவிட்டது. வரவில்லை என்று சொல்லிக் கண்டக்டர் தலையில் கட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். வந்தது, படித்தேன், அந்த அட்டைப் புத்தகங்களுக்கு அடியில் வைத்து டிராயரைப் பூட்டினேன். நாளைக்கு மேலாளரிடம் சொல்லலாம் என்று ஆறு வாரம் கடத்தினேன். அந்த நூற்றறுபத்தைந்து மணிக்கு அடியில் கையெழுத்து என்னுடையது.

பிறகு மாப்பிள்ளையின் முறையீடு வந்தது. பத்து நாளில் சரிசெய்தாக வேண்டும் என்பது எங்கள் விதி. சும்மா பார்த்துவிட்டு, உதிரி பாகம் இல்லை என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். சத்தியமாக அதற்குத்தான் வந்தேன்.

நீ தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்தேன். மேலே விளக்குக்குப் போகிற வயரைக் கத்தரியால் சுத்தமாக நறுக்கியிருந்தது. தோல் ஓரம் நறுக்குகிற கத்தரி. நான் மூடுவதற்குள் மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டார். வெட்டுப்பட்ட முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எலி கடிச்சிருக்கும்" என்றார்.

"எலி இப்படிக் கடிக்காது மாப்பிள்ளை."

"தெரியும்க்கா. யாருன்னும் தெரியும். நான் கேட்டுக்கல." நசுங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "மூட்டைய திருப்பிக் குடுத்தா அடுத்த வாரம் நமக்குக் கிடையாது. வேற யாரு எனக்கு வேலை குடுப்பாங்க, சொல்லுங்க."

ஏணியைச் சாத்தி ஏறினேன். அவர் ஏணியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார், நான் விழுந்துவிடக் கூடாதென்று. என் கை பாட்டுக்கு வயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டது. இருபது வருடப் பழக்கம். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. உள்ளே உன் ஊசி டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

கேள்வி பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு வந்தாள். "பெரியம்மா, எத்தன மணி நேரம் எரிஞ்சதுன்னு அந்தப் பெட்டி எழுதுதே, அதுக்குக் கீழ என்ன செஞ்சோம்னு எழுதாதா?" என்று கேட்டாள். எழுதாதும்மா என்றேன். "அப்ப நீங்களாவது எழுதலாமே" என்றாள். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

திரும்பி வந்ததும் எழுதினேன். பதினோரு வீட்டையும் எழுதி மேலாளர் மேசையில் வைத்தேன். "நாம வெளிச்சம் குடுக்கறோம். அதுக்குக் கீழ உட்கார்ந்து என்ன பண்றாங்கன்னு பார்க்கறது நம்ம வேலை இல்லம்மா. புத்தகம் வேற எல்லாருக்கும் போயாச்சு" என்று காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கேள்வியை என்னிடம் அனுப்பிவிடு. ஓர் அறைதான், ஆனால் பள்ளிக்கூடம் தெருமுனையில்.

அக்கா

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நலம். நீ சரிசெய்த விளக்கு நன்றாக எரிகிறது.

கேள்வியை அனுப்புவது பற்றி அவரிடம் கேட்டேன். "நம்ம பிள்ளைய நம்மளால வச்சுக்க முடியலன்னு ஆயிடும்" என்றார். கையுறை மாட்டித் திருப்புகிற கட்டையைத் தேடினார். நானே எடுத்துக் கொடுத்தேன்.

நூல் தீர்ந்துவிட்டது, மூட்டைக்காரர் வரும் நேரம். நிறுத்திக்கொள்கிறேன்.

சின்னவள்

செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கொண்டுவந்தவளை முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். பஸ்ஸில் அவளுக்கு வயிறு புரட்டும்.

தைத்த ஜோடிகளை மூட்டைக்காரர் இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்க அவர் போயிருக்கிறார். வர சாயங்காலம் ஆகும். இதைவிட்டால் வேறு நாள் கிடைக்காது. இரண்டு பாவாடை, மூன்று சட்டை, புத்தகங்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னால் ஓடுவாள், விடாதே. கேள்வி கேட்டால் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். மழுப்பினால் அவளுக்குப் பிடிக்காது. ஒரு பொத்தான் அறுந்தால்கூட அவளைத் தைக்க விடாதே. நீ தைத்துக்கொடு.

அவர் வருவார். சத்தம் போட மாட்டார். சும்மா உட்கார்ந்துகொண்டே இருப்பார். அதுதான் தாங்க முடியாது. நீ தாங்கிக்கொள்.

அவள் பங்கை யார் தைப்பார்கள் என்று அவள் என்னைக் கேட்டாள். பக்கத்து வீட்டில் ஓர் ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். நீயும் அப்படியே சொல்.

சின்னவள்

அக்டோபர் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

கேள்வி நன்றாக இருக்கிறாள். விரல் ஆறிவிட்டது. நான் மறுபடி ஏணி ஏறுகிறேன். அந்தக் காகிதத்தை மேலாளருக்கு மேலே உள்ளவர்களுக்கும் அனுப்பினேன், மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கவலைப்படாதே, வேலை இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? உடம்பைப் பற்றி, நலம் என்ற ஒரு சொல்லைத் தவிர, நீ எழுதி மூன்று மாதம் ஆகிறது.

மாப்பிள்ளை வந்தார். நீ சொன்ன மாதிரியே கீழே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மதியம் நானே இறங்கிப் போய், "வாங்க, பள்ளிக்கூடத்துல இருக்கா, பார்க்கலாம்" என்றேன். ஜன்னல் பக்கம் போய் நின்றோம். கேள்வி இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று ஆசிரியையிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியைக்கு வேர்த்துவிட்டது. இவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிடட்டுமா?"

"வேணாம். வகுப்பு நடக்குது."

திரும்பும் வழியில் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவளுடைய மாற்றுச் சான்றிதழ். தேதி, அவர் பஸ் ஏறியதற்கு முந்தின நாள். "வீட்டுல கேட்டா, நான் கூப்பிட்டேன், அவதான் வரமாட்டேன்னுட்டா, அப்படின்னு சொல்லிடுங்கக்கா" என்றார். உன்னிடம் இன்னொரு தடவை எதையும் மறைக்க எனக்கு மனமில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

நீயும் வாயேன், ஒரு வாரம்.

அக்கா

நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் கேள்வியும் நலம் என்று கடிதத்தில் அறிந்து சந்தோஷம். எனக்குக் கை ஓயாத வேலை என்பதால் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். எழுத்து கோணல் என்று சிரிக்காதே.

அவர் அவ்வளவு தூரம் வந்து கூப்பிட்டும் கேள்வி வராதது எனக்கும் வருத்தம்தான். பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தான். இருக்கட்டும். இங்கே ஒரு குறையும் இல்லை. மூட்டை இப்போது நான்கு. நீ வரச் சொன்னாய், இப்போது முடியாது. அப்புறம் பார்க்கலாம். அவளைத் திட்டாதே.

அன்புடன்,
சின்னவள்

அக்கா, இனி வருவது அவள் சொல்லாமல் நானாக எழுதுவது. அவளால் இதைப் படிக்க முடியாது. இரண்டு மாதமாகக் கிட்டத்தில் உள்ள எழுத்து எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான். மீதியை விரலால் தடவியே தைக்கிறாள். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று டீச்சர் சொல்கிறார். வா, போகலாம் என்றால் மூட்டை இருக்கிறது என்கிறாள். உங்கள் அக்டோபர் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். நான் வந்துபோனதை எழுதியிருந்தீர்களே, அந்தப் பகுதியை மட்டும் தாண்டிவிட்டேன்.

மகளுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மட்டும்தான் எழுந்திருப்பாள். நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். அங்கே வந்து கேள்வியைப் பார்த்ததும் பொய் என்று தெரிந்து கோபப்படுவாள், படட்டும். கண்ணைக் காட்டுங்கள். உடனே திரும்ப வேண்டும் என்று நிற்பாள், விடாதீர்கள். மூட்டை நாலையும் உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறாராம் என்று சொல்லுங்கள்.